மதாம் மட்டும் சிரித்த இடங்கள்

வைக்கோல் போருக்கு முன்னால் நான் செத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆக்னஸ் தும்மிக்கொண்டிருந்தாள்.

காரைக்காலில் முசே அருளாந்து வீட்டுக் கொல்லை. பங்குனி வெயில். எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. கிழிந்த அரைக்கால் சட்டை, பொத்தான் இல்லாத மேல்சட்டை, கன்னத்தில் அடுப்புக்கரி. அனாதைப் பையன் வேஷம். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைக்கோலுக்குள் ஒரு மைக் செருகியிருந்தது. அந்தப் பக்கம் ஆக்னஸ் கையில் வசனத் தாளோடு குந்தியிருந்தாள்.

"சிலாங்ஸ்!" என்று முசே கத்தினார். பிரெஞ்சில் சத்தம் போடாதே என்று அர்த்தம். அவர் அதைச் சொல்லும் சத்தத்தில் அடுத்த தெரு நாய்கள் குரைக்கத் தொடங்கும். அவை அடங்கும்வரை எல்லோரும் காத்திருப்போம்.

"ஆக்னஸ், நீ பேசு. சிந்தா, நீ வாய மட்டும் அசை. சத்தம் வரப்படாது. வெளங்குதா?"

"வெளங்குது முசே" என்றேன்.

"இதுக்குத்தான் சொல்றேன்" என்று முகத்தைச் சுளித்தார். குற்றம் நான் சொன்னதில் இல்லை, சொன்ன குரலில்.

ஆறு வருஷம், ஐந்து படம், ஐந்திலும் நான்தான் கதாநாயகன். ஐந்தும் ஊமைப் படம். இது ஆறாவது, பேசும் படம். இதற்கு என் முகம் வேண்டுமாம், குரல் வேண்டாமாம். அந்த வெயிலில் உடம்பைவிட எனக்கு வயிறுதான் அதிகம் எரிந்தது.

ஊமைப் படமெல்லாம் எந்தக் காலத்து சங்கதி, இந்தம்மா என்ன கதை விடுகிறாள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். சினிமா பேசி, பாடி, கலராகி, எங்கள் ஊர்க் கொட்டகையிலும் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த எழுபதுகளில்தான் முசே வீட்டுக் கொல்லையில் அது புதிதாக ஒருமுறை பிறந்தது. வாய் பேசாமல்தான் பிறந்தது.

மொட்டைக்குக் கிடைத்த வேஷம்

முசே அருளாந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடும் தொப்பியோடும் உதட்டை மூடும் மீசையோடும் ஊர் திரும்பியவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம், கூப்பிடும்போது பிரெஞ்சு மரியாதையில் முசே. ஒவ்வொரு சொல்தாவும் வரும்போது ஏதாவது ஒரு பொருள் கொண்டு வருவார். ஒருவர் ஆளுயரக் கடிகாரம் கொண்டு வந்தார். அது வீட்டு நிலைப்படியில் நுழையாமல் மூன்று வருஷம் மாட்டுக் கொட்டிலில் மணி அடித்தது. முசே கொண்டு வந்தது சோப்புப் பெட்டி அளவில் ஒரு மூவி கேமரா.

அது படம் மட்டும்தான் பிடிக்கும், சத்தம் பிடிக்காது. ஒரு ரீல் மூன்று நிமிஷம். எடுத்த ரீலைத் தபாலில் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். அங்கே கழுவி, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை உள்ளே என்ன விழுந்திருக்கிறது என்று கர்த்தருக்கும் கழுவுகிற பிரெஞ்சுக்காரனுக்கும்தான் தெரியும்.

வேறு யாராவது என்றால் பேரன் ஞானஸ்நானத்தை எடுத்திருப்பார்கள். முசேக்குப் பிள்ளை இல்லை. அதனால் கதை எடுத்தார்.

கதை எப்போதும் ஒன்றுதான். ஓர் அனாதைப் பையன், ஒரு கெட்டவன், ஒரு கடற்கரை. கடைசியில் பையன் செத்துப்போவான். இதனாலேயே ஊரில் ஒரு பையனும் அகப்படவில்லை. "ஒத்தப் புள்ளைய வெச்சுருக்கேன், அதப் போயி சாவடிக்கிறேங்குறீங்களே முசே" என்று தாய்மார்கள் கதவைச் சாத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வேளாங்கண்ணியில் வேண்டுதல் மொட்டை போட்டுக்கொண்டு, ஆறு வயதில், நான் கோவில் வாசலில் நின்றிருந்தேன். முசே என்னையே பார்த்தார்.

"இந்தப் பையன் யாரு?"

"பையன் இல்லீங்க முசே, எம் பொண்ணு ஜெசிந்தா" என்றாள் அம்மா.

"மொட்டைக்கு ஆம்பள பொம்பள ஏதும்மா? நடிக்க அனுப்புறீங்களா? சாவுற வேஷம், முன்னாடியே சொல்லிப்புடுறேன்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "பையனாத்தான சாவுறா, பொண்ணா இல்லியே. கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். அம்மாவின் இந்த வாதத்தை இன்று வரை என்னால் உடைக்க முடியவில்லை.

அப்புறம் ஆறு வருஷம் என் தலையில் முடி தங்கவில்லை. கடலில் மூழ்கிச் செத்தேன், காய்ச்சலில் செத்தேன், பசியில் செத்தேன், கெட்டவன் அடித்துச் செத்தேன், ஒரு படத்தில் காரணமே சொல்லாமல் செத்தேன். கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் முதல் சாவை எடுத்தபோது, வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து என்னைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் நாலு போட்டார். தண்ணீர் குடித்துவிட்டேன் என்று நினைத்தாராம். அந்த நாலு அடியும் படத்தில் இருக்கிறது.

வாய்க்கு வந்ததைப் பேசு

பெரியவர்கள் வேஷம் அத்தனையும் ரொட்டிக்கடை சூசை மாமாவுக்கு. மீசையை மேலே முறுக்கினால் கெட்டவன். கீழே இறக்கினால் அப்பா. விடியற்காலையில் அடுப்பு வேலை முடித்து, முழங்கை வரை மைதாவோடு வந்து நிற்பார்.

முதல் நாள் நாங்கள் இருவரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நடித்தோம். ஊமைப் படம்தானே. முசே தலையில் அடித்துக்கொண்டார்.

"பொம்ம மாரி நின்னா எப்புடி? வாய் அசையணும். என்னத்தையாவது பேசுங்க. யாருக்குக் கேக்கப் போவுது? மொகம் மட்டும் கதைக்கு ஏத்தாப்புல இருக்கணும்."

உண்மையான வசனத்தை ஒரு சிலேட்டில் சாக்கட்டியால் எழுதி அதைத் தனியே படம் எடுத்துச் சேர்ப்பார். ஆகவே வாயில் எது வந்தாலும் கவலையில்லை. சூசை மாமா என் கழுத்தைப் பிடித்து, கண்ணை உருட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, "பாதர் வீட்டுக்கு ஆறு, கான்வென்டுக்குப் பன்னெண்டு, ஆஸ்பத்திரிக்கு இருவது" என்று மறுநாள் ரொட்டிக் கணக்கைச் சொல்லுவார். நான் கைகூப்பிக் கண்ணீர் வழிய, "மாமா, வாயில வெங்காயம் நாறுது, கொஞ்சம் தள்ளிப் போங்க" என்பேன். அடுத்து சிலேட்டு வரும்: "ஐயா! இந்த ஏழையை விட்டுவிடுங்கள்!"

ஆறு வருஷத்தில் இது உடம்பில் ஊறிவிட்டது. முசே "அலே!" என்று சொன்னால் ஆரம்பி என்று அர்த்தம். அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், என் கண்ணில் தண்ணீரும் வாயில் திட்டும் ஒன்றாக வரும். வீட்டில் யாரைத் திட்ட முடியாதோ அவர்களை எல்லாம் அங்கேதான் திட்டித் தீர்த்தேன். கணக்கு டீச்சர், என் அண்ணன், அம்மா, முக்கியமாக முசே. "அசே!" என்றால் போதும் என்று அர்த்தம். உடனே வாயை மூடிக்கொள்வேன். மறுபடியும் பயந்த பிள்ளை ஆகிவிடுவேன்.

குடைக்குக் கீழே

முசேயின் மனைவியை ஊரே மதாம் என்றுதான் கூப்பிடும். இருபது வயதில் டைபாய்டு வந்து அவருக்குக் காது அடியோடு போய்விட்டது. பேச்சு வரும். ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் அளவு தெரியாது. ஒருமுறை பூசை நடுவில், பக்கத்தில் இருந்தவளிடம் ரகசியமாகக் கேட்பதாக நினைத்து, "பாதர் ஏன் இன்னிக்கு இம்மாந் நேரம் அறுக்குறாரு?" என்று கேட்டிருக்கிறார். கோவிலே சிரித்ததாம். பாதரும் சிரித்தாராம். அதிலிருந்து மதாம் வெளியே வாய் திறப்பதில்லை. ஊர்க்காரர்கள் மெல்ல மெல்ல அவரை ஊமை என்றே நினைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

படம் எடுக்கும்போதெல்லாம் கேமராவுக்குப் பக்கத்தில் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு மதாம் நிற்பார். கண் எங்கள் மேலேயே இருக்கும். எனக்கு அவரைப் பற்றி ஒரு பெரிய ஆச்சரியம் உண்டு. என் மனதில் இருப்பது அவருக்குத் தெரியும். இறால் வடை தின்ன ஆசையாக இருக்கும். மத்தியானம் இலையில் இறால் வடை இருக்கும். கொய்யாப்பழம் வேண்டும் போலிருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது என் பையில் கொய்யாப்பழம் இருக்கும். மதாம் புனிதை என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னேன். "இருக்கும், இருக்கும்" என்றாள் அம்மா.

மூன்றாவது படத்தில் ஒரு சம்பவம். நான் காய்ச்சலில் கிடக்கிறேன். உதடு துடிக்க, கண் சொருகக் கடைசி வார்த்தை பேசுகிறேன். திடீரென்று மதாம் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, என்னை வாரி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். சூசை மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புள்ளயில்லாத வயிறு. நடிப்புன்னு தெரிஞ்சும் தாங்க முடியல பாருங்க" என்றார். முசே மூக்கைச் சிந்தினார். அந்தக் காட்சியை அப்படியே படத்தில் வைத்தார். ஊரில் அதைப் பார்த்து அழாத பெண்கள் இல்லை.

படம் காட்டுவது முசே வீட்டை ஒட்டிய பழைய நெல் கிடங்கில், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து பதினொரு மணிக்கு. ஜன்னல்களைச் சாக்கால் அடைத்துவிடுவார்கள். உள்ளே இட்லிப் பானை மாதிரி வேகும். முன்னால் ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. அது மதாமுக்கு. மற்ற எல்லோரும் பாயில்.

இங்கேதான் முசேயின் மனக்குறை. படத்தில் அழுகை உச்சத்துக்குப் போகும்போது, கிடங்கு முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும்போது, மதாம் ஒருவர் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார். நான் கைகூப்பிக் கெஞ்சினால் சிரிப்பார். சூசை மாமா கழுத்தை நெரித்தால் நாற்காலி குலுங்கும்.

"பாவம், காதும் கேக்கல, கதையும் புரியல" என்பார்கள்.

"அவ படிக்கட்டும்னுதான்டா சிலேட்டே வெக்கிறேன்" என்று முசே ஒருமுறை சூசை மாமாவிடம் தழுதழுத்ததை நான் கேட்டிருக்கிறேன். "அவளுக்காகத்தான் படமே எடுக்குறேன். அழுவுற எடமாப் பாத்து சிரிக்கிறா."

சவுண்டு! சவுண்டு!

ஐந்தாவது படம் காட்டும்போது பின்வரிசை இளவட்டங்கள் "சவுண்டு! சவுண்டு!" என்று கத்தினார்கள். முசேக்கு மானம் போய்விட்டது. பாரீசில் இருந்த அக்காள் மகனுக்குக் கடிதம் போட்டார். கிறிஸ்துமசுக்கு வந்தவன் சத்தமும் பிடிக்கிற கேமரா, மைக், பேசுகிற புரொஜக்டர் எல்லாம் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

சோதனைக்கு ஒரு ரீல் எடுத்தார். நான் ஒரு மங்களவார்த்தை ஜெபம் சொன்னேன். ரீல் பிரான்சுக்குப் போய் வந்தது. புரொஜக்டரில் போட்டதும், ரேஷன் கடை வரிசையில் சண்டை போடுகிற ஆம்பிளை ஒருத்தர் மாதாவை வணங்குகிற குரல் வந்தது.

"சூசை, நீயா?" என்று கேட்டார் முசே.

"நா எங்க முசே பேசுனேன்? அது நம்ம சிந்தா."

நேரில் கேட்டால் சின்னப் பிள்ளைக்குச் சளி என்று விட்டுவிடலாம். பெட்டியில் கேட்டால் விட முடியவில்லை. முசே புரொஜக்டரை அணைத்துவிட்டு, "வேற புள்ள பாக்கணும் போலருக்கு" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதேன். நீங்கள் சிரிக்கலாம். வீட்டில் நான் நாலாவது பெண். கணக்கு வராது, பாட்டு வராது, நிறமும் இல்லை. ஆனால் கடைத்தெருவில் நடந்து போனால், "அதோ, செத்துப்போற புள்ள போவுது பாரு" என்று ஆட்கள் கையைக் காட்டுவார்கள். அந்த ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அது போனால் நான் யார்?

திருநள்ளாற்றில் ஒரு சந்திப்பு

அம்மா வைத்தியத்தில் இறங்கினாள். பச்சை முட்டை, பனங்கற்கண்டு, சித்தரத்தை, மிளகு. ஒன்றும் நடக்கவில்லை. "இது சனி புடிச்ச கொரலுங்க, திருநள்ளாத்துல ஒரு முழுக்குப் போட்டா சரியாப் போவும்" என்று பால்காரம்மா சொன்னார். அம்மா ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

நளன் குளத்தில் எண்ணெய் வைத்து முழுகி, போட்டிருக்கும் துணியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். அதனால் அம்மா எனக்குக் கிழிந்த கவுனாகப் பார்த்து மாட்டியிருந்தாள். "கிழிஞ்சத குடுத்தா சனி போவாரா?" என்று கேட்டேன். "அவருக்கென்ன அளவு பாத்தா போடப் போறாங்க, முழுகுடி" என்றாள்.

முழுகி எழுந்தால், எதிர்ப் படியில் தலை நிறைய எண்ணெயோடு இஞ்ஞாசியம்மா. எங்கள் தெரு ஜெபமாலைக்குத் தலைமை தாங்குகிறவர்.

அம்மாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "மூட்டு வலி. தண்ணி நல்ல தண்ணின்னாங்க" என்றார் இஞ்ஞாசியம்மா. "புள்ளைக்கு வேர்க்குரு" என்றாள் அம்மா. பிறகு மூன்று பேரும் சேர்ந்து ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். "நாம எங்க பாத்துக்கிட்டோம்?" என்று இஞ்ஞாசியம்மா கேட்டார். "பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கிட்டோம்" என்றாள் அம்மா. அத்தோடு விஷயம் முடிந்தது.

குளத்துத் தண்ணீரில் எனக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். போகும்போது காக்காய்க் குரல், வரும்போது தவளைக் குரல். யோசித்தால், சனீஸ்வரனுக்கு வாகனமே காக்காய். அவருக்கு என் குரலில் என்ன குற்றம் தெரியும்?

முசே வேறு பிள்ளை தேடினார். கோவில் பாட்டுக் குழுவில் இருந்த ஆக்னசுக்குத் தேன் குரல். ஆனால் அலே என்றால் அவளுக்கு விக்கல் வந்துவிடும். கடைசியில் முசே ஒரு வழி கண்டுபிடித்தார். முகம் என்னுடையது, குரல் அவளுடையது. அவள் மறைந்திருந்து பேச வேண்டும். நான் வாயசைக்க வேண்டும்.

மறுபடியும் வைக்கோல் போர்

நாய்கள் அடங்கின. முசே கழுத்தில், புதுக் கேமராவோடு வந்த காதுக்கருவி தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டால் என்ன பதிவாகிறது என்று கேட்கலாமாம். மாட்டினால் காது வியர்க்கிறது என்று அவர் அதை மாலையாகத்தான் போட்டிருந்தார்.

"அலே!"

ஆக்னஸ் பேசினாள். என் கண்ணில் நீர் வந்தது. வாய் தானாக ஓடியது. ஆறு வருஷப் பழக்கம், நான் என்ன செய்ய? சத்தமில்லாமல்தான் ஓடுகிறது என்று நினைத்தேன். வேண்டுமானால் ஜெபமாலை மேல் சத்தியம் செய்கிறேன்.

குடைக்குக் கீழே மதாம் வழக்கம்போல் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார். முசே "அசே!" என்றதும் வந்து, என் கன்னத்துக் கரியை முந்தானையால் துடைத்துவிட்டார். அந்தக் கரி அடுத்த காட்சிக்கும் வேண்டும் என்று முசே கத்தினார். மதாமுக்குத்தான் காது கேட்காதே, துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்று மாதம் கழித்து ரீல் வந்தது. எதையும் முன்கூட்டிப் போட்டுப் பார்ப்பது முசேக்குப் பிடிக்காது. "கல்யாணப் பொண்ண ஒளிஞ்சு பாக்குறாப்புல அது" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் கால் வைக்க இடமில்லை. எங்கள் ஊர் எடுத்த முதல் பேசும் படம். பாதர்கூட வந்திருந்தார்.

முதலில் சூசை மாமா அப்பாவாக வந்தார். "மகனே! விதி நம்மைப் பிரிக்கிறது!" என்று கணீரென்று சொன்னார். கைதட்டல் பறந்தது. திரையில் அவர் தலை குனிந்து விம்மினார். விம்மலோடு, "கான்வென்டுக்குப் பன்னெண்டா பதினாலா?" என்று கேட்டது.

கைதட்டல் நின்றது.

அடுத்து வைக்கோல் போர். தேன் குரல் வந்தது: "அப்பா! என்னைத் தனியே விட்டுப் போகாதீர்கள்!"

கூடவே, கீழே இருந்து, ரேஷன் கடைக் குரல்: "போனா போங்களேன். ஏ ஆக்னசு, வைக்கலுக்குள்ள எலி இருக்கு, காலப் பாத்துக்க."

"நான் என்ன பாவம் செய்தேன்?"

"என் வேஷத்துல வந்து வாய வெச்ச பாவந்தான்."

"தெய்வமே! உனக்குக் கண் இல்லையா?"

"கண்ணு இருக்கு, தொப்பிதான் மறைக்கிது. முசேயப் பாரு, முள்ளங்கிக்குத் தொப்பி மாட்டுனாப்புல."

கிடங்கு வெடித்தது. பாயில் உருண்டார்கள். பாதர் தூணைப் பிடித்துக்கொண்டார். அம்மா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, அந்த இருட்டிலும் என் தொடையைத் தேடிக் கிள்ளினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். குரல்தான் இல்லை என்று நினைத்தேன், இனி முகமும் கிடையாது.

முசே மட்டும் சிரிக்கவில்லை. அவர் மதாமைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதாம் நாற்காலி குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் முதல் முறையாக, அவர் சிரித்த இடத்தில் ஊரும் சிரித்தது. ஒவ்வொரு வரிக்கும், எல்லோரோடும் சேர்ந்து, அதே நொடியில்.

அப்போது திரையில் என் வாய் மறுபடி அசைந்தது. ஆக்னஸ் வசனம் முடிந்துபோயிருந்தது. என் குரல் மட்டும் தனியாக வந்தது.

"முசே, இந்த ஒரு படம் என் கொரல்ல எடுத்திருக்கலாம்ல. நா நல்லாத்தான் பேசியிருப்பேன்."

சிரிப்பு அடங்கியது. மதாமின் சிரிப்பும் அங்கேதான் நின்றது. ரீல் ஓடி முடிந்து, வெள்ளை வெளிச்சம் மட்டும் சுவரில் நின்றது.

மதாம் எழுந்தார். பத்து இருபது வருஷமாக ஊர் கேட்காத குரல், கோவில் மணிக்குச் சமமாக வந்தது.

"புள்ள கேக்குறதுல என்ன தப்பு?"

முசே வாய் பிளந்து நின்றார். "அவ என்ன பேசுனான்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"எனக்குக் காதுதான இல்ல. கண்ணு இருக்குல்ல? ஆறு வருஷமா இதுங்க இதத்தான பேசுதுங்க."

சூசை மாமா நழுவ இடம் பார்த்தார்.

"நான் ஒன்கிட்ட பேசுறது மட்டுந்தான் ஒனக்குப் புரியும்னு நெனச்சேன்" என்றார் முசே.

"நீங்க பேசுறதுதான் பாதி புரியாது. மீசை மறைக்கிது" என்றார் மதாம். "பழைய படத்தப் போடுங்க."

அன்று கிடங்கில் சாப்பாட்டு நேரம் தாண்டி ஐந்து படமும் ஓடியது. மதாம் திரைக்குப் பக்கத்தில் நின்று, எங்கள் வாயைப் பார்த்து, எங்கள் வசனத்தை எல்லாம் ஒன்றுவிடாமல் சத்தமாகச் சொன்னார். "மாமா, வாயில வெங்காயம் நாறுது." "பாதர் வீட்டுக்கு ஆறு." "எனக்கு எறா வட வேணும்." கணக்கு டீச்சரைப் பற்றி நான் சொன்னதையும் சொன்னார். கணக்கு டீச்சர் மூன்றாவது வரிசையில் இருந்தார். ஊரையே அழவைத்த காய்ச்சல் காட்சி வந்தது. என் உதடு துடித்தது, கண் சொருகியது. மதாம் முழங்கினார்:

"மதாம்! எனக்கு அவசரமா வெளிய வருது! டவுசர்லயே போயிடுவேன்!"

அடுத்த நொடி திரையில் மதாம் ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் காட்சிக்கு அழுத பெண்கள் எல்லாம் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். முசேயும் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

வெளியே வரும்போது என் தலையில் கை வைத்தார். "முள்ளங்கின்னியா என்ன? சரி. அடுத்த மாசம் அந்த வைக்கல் போர் காட்சிய ஒன் கொரல்லயே எடுக்குறோம்."

எடுத்தார். ஆக்னசுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், எலி பயம் விட்டது. நான் வசனத்தை நெட்டுருப் போட்டு, ஓர் எழுத்து பிசகாமல், என் சொந்தக் குரலில் பேசினேன். முசே காது வியர்க்க வியர்க்கக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டார். படம் கழுவி வந்து கிடங்கில் ஓடியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசை இளவட்டங்கள்கூட அடங்கி உட்கார்ந்திருந்தார்கள். சூசை மாமா அழுதார். முடிந்ததும் பாதர் கைதட்டினார், ஊரும் தட்டியது. இந்தக் குரலை வைத்துக்கொண்டு பின்னால் நான் ஓர் அரசாங்க ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷம் வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டேன் என்றால், அந்தத் தைரியம் அன்று வந்ததுதான்.

நான் மதாமைத்தான் பார்த்தேன். பிரம்பு நாற்காலியில் அவர் ஒரு பெரிய கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். வாயை நன்றாகத் திறந்து, "நல்லா இல்லீங்களா மதாம்?" என்று கேட்டேன்.

"எழுதிக் குடுத்ததையே பேசுற. அதுல என்ன இருக்கு?" என்றார், கிடங்கு முழுக்கக் கேட்க. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, முடிந்த மட்டும் குரலைத் தணித்தார். தணித்தும் வாசல் வரை கேட்டது.

"ஒங் கொரலு நல்லாருக்குன்னு இன்னிக்கு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மொத படத்துலேர்ந்தே நல்லாத்தான்டி இருந்துச்சு."